நூலும் உரையும்: புள்ளியியல் நிரல்களுக்கு விளக்கம் எழுந்த வரலாறு

பாண்டிய நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் நீங்கிய பின்னர்ப் பொருளிலக்கணம் வல்லாரைக் காணாது மன்னன் கவன்றான் என்றும், ஆலவாய் இறையனார் அறுபது நூற்பாக்களைச் செப்பிதழில் எழுதித் தம் பீடத்தின்கீழ் இட்டருளினார் என்றும் இறையனார் களவியல் உரை கூறும் வரலாற்றைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். நூல் கிடைத்தது, மன்னன் மகிழ்ந்தான். ஆயினும் கதை அங்கு முடிந்துவிடவில்லை. அந்நூலுக்குப் பொருள் காண வேண்டியிருந்தது. புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். எது மெய்யுரை என்னும் வழக்கு எழுந்தது. அதனைத் தீர்க்க அமர்ந்தவன் வாய் பேசாத ஐந்து வயதுச் சிறுவன் உருத்திரசன்மன். மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் மட்டும் கண் கலங்கிய அச்சிறுவன், நக்கீரர் உரைத்தபோது சொல்லுக்குச் சொல் உருகி நின்றான் என்பர்.

இக்கதை நிகழ்ந்ததோ, புனைந்ததோ, அஃது ஈண்டு ஆராயத்தக்கதன்று. நூல் செய்தவன் இறைவனே ஆயினும், உரை இல்லாவிடில் அந்நூல் செப்பிதழில் கிடக்கும் வெற்றெழுத்தே என்று நம் முன்னோர் கருதினர். இதுவே அக்கதையினின்று நாம் கொள்ள வேண்டிய உண்மை.

இன்றைய கணினிக்கு இடப்படும் கட்டளையும் நூற்பாவைப் போன்றதே. சில எழுத்துகளில் பெரும்பொருளை அடக்கி நிற்பது. உரை வல்லார் உதவியின்றிப் பொருள் விளங்காதது. சிறப்பாக, எண்களைத் தொகுத்து ஆராயும் புள்ளியியல் நிரல்களின் வரலாற்றை நோக்கின், அவற்றை உலகெங்கும் கொண்டு சென்றது கணக்கின் நுட்பம் மட்டும் அன்று, அக்கணக்குக்கு எழுதப்பட்ட விளக்கவுரையும் ஆகும் என்பது புலனாகும். அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

தோட்டத்து மண்ணும் கணக்கும்

சிலாங்கூர் மாநிலத்துச் சுபாங் ஜெயா இன்று மாடிக் கட்டடங்களும் கல்லூரிகளும் நிறைந்த ஊர். 2020இல் மாநகரத் தகுதி பெற்றது. 1970களில் அந்நகர் எழுவதற்குமுன் அங்கே நின்றவை ரப்பர் மரங்கள். சீபீல்டு தோட்டத்தின் பெயரை அவ்வூர்த் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கின்றது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வாளிகளில் பால் சுமந்து வந்து, நிறுவைக்காக வரிசையில் நின்ற நம் மக்களுக்குப் புள்ளிவிவரம் புதியதொரு பொருள் அன்று. இன்னார்க்கு இத்தனை இறாத்தல் என்று கிராணியார் எழுதிய பேரேட்டில் அவர்தம் கூலியும் வாழ்வும் அடங்கிக் கிடந்தன.

தோட்டத்தைச் சார்ந்த மற்றொரு கணக்கும் உண்டு. எந்தக் கன்றை நட்டால் பால் மிகுதியாகக் கிடைக்கும் என்னும் வினாவே அது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், சுங்கை பூலோவில் ஆராய்ச்சி நிலம் அமைத்து இவ்வினாவுக்கு விடை தேடியது. ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என எண்ணிட்டு வழங்கும் பெயர்பெற்ற மரவகை அக்கழகத்தின் ஆய்வில் தோன்றியதே. ஓர் இடத்து மண் வளமானது, மற்றோரிடத்து மண் வறண்டது. ஒரு மரம் மிகுதியாகப் பால் தந்தால் அது மரத்தின் சிறப்பா, மண்ணின் சிறப்பா? இதனைப் பிரித்தறியப் புள்ளியியல் துணை செய்யும்.

இவ்வினாவையே கோதுமையை வைத்து ஆராய்ந்தோர் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார். 1843இல் தொடங்கிய அந்நிலையத்திற்கு 1919இல் ரொனால்டு ஃபிஷர் வந்து சேர்ந்தார். பாத்திகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முறையின்றிப் பகிர்ந்து, ஒவ்வொரு பயிரையும் பலமுறை நட்டு ஒப்பிடும் நெறியை அவர் வகுத்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூல் ஆய்வாளர் பலர்க்கும் வழிகாட்டி ஆயிற்று. நெறி எளிது, கணக்கோ மலைபோன்றது. கையாற் சுழற்றும் கணக்குப் பொறிகளைக் கொண்டு நாட்கணக்கில் உழைத்தனர். 1954இல் ரோத்தம்ஸ்டெட்டுக்கு மின்னணுக் கணினி வந்தது. வேளாண் வயலில் தொடங்கிய கணக்கு இவ்வாறு கணினிக்குள் புகுந்தது.

கையேடு தந்த வாழ்வு

தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் ஆய்வாளரும் தமக்கு வேண்டிய நிரலைத் தாமே எழுதிக்கொள்ள நேர்ந்தது. எழுதியவர் ஊர் மாறிச் சென்றால் அந்நிரலும் பயனற்றுப் போகும். இக்குறையை நீக்கப் பலவகைக் கணக்குகளையும் ஒருங்கே தொகுத்த நிரல்தொகுதிகள் தோன்றின. கலிஃபோர்னியாவில் வில்ஃபிரிட் டிக்சன் தலைமையில் 1961இல் வெளிவந்த மருத்துவப் புள்ளியியல் தொகுதி அவற்றுள் முன்னோடியானது. அது வந்தபோதே கையேட்டோடு வந்தது என்பது கருதத்தக்கது.

1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் நை, டேல் பெண்ட், ஹாட்லாய் ஹல் ஆகிய மூவர் சமூக அறிவியலார்க்கென ‘எஸ்.பி.எஸ்.எஸ்.’ என்னும் தொகுதியை உருவாக்கினர். இரண்டாண்டு கழித்து, 1970இல், அதன் கையேட்டை மக்ரா-ஹில் பதிப்பகம் அச்சிட்டு நூற்கடைகளுக்கு அனுப்பியது. அக்காலத்தில் கணினி நிரல் என்பது காந்த நாடாவில் அடங்கிப் பொறியறையில் பூட்டப்பட்ட பொருள். மாணவன் அதனைக் கண்ணாற் காணவும் இயலாது. கையேடோ அவன் கைக்கு எட்டியது. எந்தக் கட்டளையை எவ்வாறு எழுதுவது என்பதோடு, எந்தக் கணக்கை எப்போது செய்வது, வந்த விடையை எவ்வாறு படிப்பது என்பவற்றையும் அந்நூல் கற்பித்தது. பல்கலைக்கழகம்தோறும் அதனைப் பாடநூல் போலவே பயன்படுத்தினர். நூலைப் படித்தவர் நிரலைக் கேட்டனர். கேட்டவர் பெருகவே நிரலும் பரவியது.

வட கரோலினா மாநிலத்தில் வேளாண் ஆய்வுக்கெனத் தோன்றிய ‘சாஸ்’ என்னும் தொகுதியின் கதையும் இதனை வலியுறுத்தும். 1976இல் அது தனி நிறுவனமாக எழுந்தபோது அதனைத் தொடங்கியோர் நால்வர். ஆண்டனி பார், ஜேம்ஸ் குட்நைட், ஜான் சால் ஆகியோர் நிரல் எழுதியவர்கள். நான்காமவர் ஜேன் ஹெல்விக் என்னும் பெண்மணி. அவர்தம் பணி விளக்கவுரை எழுதுதல். அவ்வாண்டு வெளியான கையேட்டின் முகப்பில் நால்வர் பெயரும் இடம்பெற்றன. உரையாசிரியரை நூலாசிரியரோடு ஒருநிலையில் வைத்துத் தொடங்கிய நிறுவனம் அது. தொல்காப்பியத்திற்கு முதலுரை கண்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்றே சிறப்புப் பெயரால் வழங்கும் தமிழ் மரபினர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

ஒரு பக்கத்தில் ஒரு கட்டளை

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மற்றொரு வழக்கம் வளர்ந்து வந்தது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப்பக்கம் உண்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒழுங்கில் அமைந்தது: முதலில் பெயர், பின்னர் எழுதும் முறை, அடுத்து விளக்கம், தொடர்ந்து ஒப்பு நோக்கத்தக்க பிற கட்டளைகள், இறுதியில் அக்கட்டளையின் குறைகள். தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வைத்த நேர்மை போற்றத்தக்கது. ஒரு பக்கத்தைப் படிக்கப் பழகியவன் எந்தப் பக்கத்தையும் படிக்கலாம் என்பது இவ்வொழுங்கால் விளைந்த பயன்.

அதே ஆய்வுக்கூடத்தில் 1976இல் ஜான் சேம்பர்சும் அவர்தம் தோழர்களும் ‘எஸ்’ என்னும் புள்ளியியல் நிரல்மொழியைத் தொடங்கினர். அதனை விளக்க 1984, 1988, 1992, 1998 ஆகிய ஆண்டுகளில் நான்கு நூல்கள் வெளிவந்தன. அட்டையின் நிறத்தை வைத்துப் பழுப்பு நூல், நீல நூல், வெள்ளை நூல், பச்சை நூல் என்றே அவற்றைக் கற்றோர் அழைத்தனர். அம்மொழியின் ஒவ்வொரு வளர்ச்சிப் படியும் ஒரு நூலின் நிறத்தால் அறியப்பட்டது என்றால், உரைக்கும் மொழிக்கும் இருந்த பிணைப்பை வேறு சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

ஆக்லாந்தில் பிறந்த மொழி

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் ஆசிரியர் இருவர், மாணவர்க்குக் கற்பிக்கும்பொருட்டு, ‘எஸ்’ மொழியை ஒத்ததொரு சிறுமொழியைச் செய்தனர். தம் பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு ‘ஆர்’ எனப் பெயரிட்டு 1993இல் உலகுக்கு அறிவித்தனர். 1995இல் அதன் மூலநிரலை யாவரும் விலையின்றிப் பெறவும், திருத்தவும், பகிரவும் உரிமை தந்து வெளியிட்டனர். 1997இல் அதனைக் காக்கும் அறிஞர் குழு அமைந்தது. அவ்வாண்டிலேயே வியன்னாவில் குர்ட் ஹோர்னிக், ஃபிரீட்ரிக் லைஷ் ஆகியோர் முயற்சியால் ‘கிரான்’ என்னும் பொதுக் களஞ்சியமும் தோன்றியது. 2000 பிப்ரவரி 29இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. இன்று அக்களஞ்சியத்தில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட நிரற்பொதிகள் உள்ளன.

உலகின் பல மூலைகளிலிருந்து பல்லாயிரவர் எழுதும் நிரல்களுக்குள் குழப்பம் நேராமைக்குக் காரணம் என்ன? உரை எழுதுவதற்கு வகுத்த இலக்கணம் அதற்குப் பெரிதும் காரணமாகும். ‘ஆர்’ குழுவினர் பொதி எழுதுவோர்க்கென வெளியிட்ட விதிநூல், விளக்கப் பக்கத்தின் உறுப்புகளை வரையறுக்கின்றது. தலைப்பு, கருத்து, எழுதும் முறை, உள்ளிடுபொருள் ஒவ்வொன்றின் விளக்கம், கிடைக்கும் விடை, எடுத்துக்காட்டு, ஒப்பு நோக்கத்தக்கவை என அவ்வுறுப்புகள் அமையும். ஒருமுறை எழுதினால் போதும். அவ்வுரையைத் திரையிலும், இணையப் பக்கமாகவும், அச்சுநூலாகவும் கணினியே அமைத்துத் தரும்.

இங்கும் ஓர் உருத்திரசன்மன் உளன். பொதியைக் களஞ்சியத்தில் சேர்ப்பதற்குமுன் ஒரு சோதனை நிரல் அதனைத் துருவி ஆராயும். உரையிற் சொல்லிய உள்ளிடுபொருள்கள் நிரலில் உள்ளவற்றோடு ஒத்துள்ளனவா, பிறர் பயன்கொள்ளத் தந்த கட்டளைகளுள் உரை இல்லாதது உண்டா, காட்டிய எடுத்துக்காட்டுகள் பிழையின்றி இயங்குகின்றனவா என்று பார்க்கும். நூல் ஒன்று சொல்ல உரை வேறொன்று சொல்லுமாயின் உடனே சுட்டிக்காட்டும். ஆயினும் அச்சோதனை நிரல் கண் கலங்குவதில்லை. படிப்பவர்க்கு விளங்கியதா என்பதை அறிய அதற்கு ஆற்றல் இல்லை. அதனை மனிதரே அறிதல் வேண்டும்.

நூலும் உரையும் பிரிந்திருந்தால் ஒன்று திருந்தும்போது மற்றொன்று பின்தங்கும். இதனை உணர்ந்த டொனால்டு குனுத், நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஏட்டில் பிணைத்து, மனிதர் படிக்கும் இலக்கியம்போல் எழுத வேண்டும் என்று 1984இல் வெளியிட்ட கட்டுரையில் வற்புறுத்தினார். 2002இல் லைஷ் அளித்த ‘ஸ்வீவ்’ என்னும் கருவி, கட்டுரையும் கணக்கும் ஓரேட்டில் இருக்க வழிசெய்தது. பின்னர்க் கட்டளையின் தலைமாட்டிலேயே அதன் உரையை எழுதும் ‘ராக்சிஜன்’ முறையும் வழக்கில் வந்தது. நூற்பாவை எழுதி அதன்கீழ் உரையை எழுதிச் செல்லும் நம் ஏட்டுச்சுவடி முறையை இவை நினைவூட்டுகின்றன.

ஐந்து எண்கள் கூறும் பாடம்

உரை தவறினால் என்ன கேடு என்று வினவுவார்க்கு ஒரு சிறு கணக்கைக் காட்டலாம். ஐந்து மாணவர் ஒரு தவணையில் படித்த நூல்கள் முறையே 4, 7, 8, 9, 30 எனக் கொள்வோம். இவற்றின் நடுவெண் 8. சராசரியோ 11.6, முப்பது நூல் படித்த ஒரு மாணவன் சராசரியை மேலே இழுத்துவிட்டான். இதுவரை ஐயம் இல்லை. இனி, வரிசையில் கால்பங்கு எண்கள் எந்த மதிப்புக்குக் கீழே நிற்கின்றன என்று கேட்போம். இதனை முதற் கால்மானம் என்பர். ‘ஆர்’ மொழி தன் வழக்கமான முறையில் 7 என்று விடை கூறும். ‘எஸ்.பி.எஸ்.எஸ்.’ தன் வழக்கமான முறையில் 5.5 என்று கூறும். எண்கள் அவையே, கேள்வியும் அதுவே, விடை மட்டும் இரண்டு!

எது பிழை? இரண்டும் பிழையல்ல. ஐந்து எண்களைச் சரியாகக் கால்பங்கிட இயலாது. இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட மதிப்பை எவ்வாறு கொள்வது என்பதில் முறைகள் வேறுபடுகின்றன. ராப் ஹைண்ட்மன், யானான் ஃபான் என்னும் அறிஞர் இருவர் 1996இல் இத்தகைய முறைகள் ஒன்பதனைத் திரட்டி எண்ணிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் எட்டாவதைக் கொள்ளுமாறு அவர்கள் பரிந்துரைத்தனர். அம்முறைப்படி விடை 6 ஆகும். ‘ஆர்’ மொழியின் விளக்கப் பக்கம் ஒன்பது முறைகளையும் வரிசைப்படுத்தி, எந்தத் தொகுதி எதனைப் பின்பற்றுகின்றது என்பதையும், தான் கொண்டது ஏழாவது என்பதையும் ஒளிக்காது உரைக்கின்றது. அப்பக்கத்தைப் படித்தவன் தெளிவான். படியாதவன் தன் கணக்கையோ கணினியையோ ஐயுற்று அலைவான். ஹைண்ட்மன் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அப்பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் சுபாங் ஜெயாவை அடுத்த பண்டார் சன்வேயில் இருக்கின்றது. பால்மரம் நின்ற மண்ணுக்கு அருகே இன்று எண் நூல் வளர்கின்றது!

காண்டிகையும் விளக்கப் பக்கமும்

இவ்விளக்கப் பக்கத்தின் உறுப்புகளை நோக்கும் தமிழாசிரியர்க்குப் பவணந்தி முனிவர் நினைவுக்கு வருதல் இயல்பு. நன்னூற் பாயிரம் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக வகுக்கின்றது. காண்டிகைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு என்பன உறுப்புகள்; வினாவும் விடையும் அவற்றோடு சேர்ந்து பொருளை விளக்கும். கட்டளை எதற்கு என்று கூறுவது கருத்து. உள்ளிடுபொருள் ஒவ்வொன்றையும் பிரித்து விளக்குவது பதப்பொருள். எடுத்துக்காட்டே காட்டு. பல கட்டளைகளை இணைத்து ஓர் ஆய்வை முதல் முதல் முடிவு வரை விரித்துரைக்கும் நெடுவிளக்கமும் பல பொதிகளில் உண்டு. அதனை விருத்தியோடு ஒப்பிடலாம். பெல் ஆய்வுக்கூடத்தார் நன்னூலைக் கற்றனர் என்பது இதன் பொருள் அன்று. சுருங்கிய நூலைப் பிறர்க்கு விளக்கப் புகும் எவர்க்கும் இவ்வுறுப்புகளே வேண்டியிருக்கின்றன.

நூலுக்கு நன்னூலார் விலக்கிய குற்றங்களும் இங்குப் பொருந்துவனவே. விடுபட்ட எண்களை என்செய்வது என்று கூறாது விடுதல் குன்றக் கூறல். நிரல் ஒன்றைச் செய்ய உரை வேறொன்றைச் சொல்லுதல் மாறுகொளக் கூறல். கட்டளையை விளக்க வந்தவர் தம் ஆராய்ச்சிப் பெருமையை விரித்தல் மற்றொன்று விரித்தல். இவற்றை அறிந்த தமிழாசிரியர் கணினி அறியாதவராயினும் நல்லுரை எதுவென அறியும் தகுதி உடையவரே.

தமிழில் வேண்டுவது

அங்ஙனமாயின் தமிழ் மாணவன் நிலை என்ன? மலேசியத் தமிழ்ப்பள்ளியில் அவன் கணிதத்தைத் தமிழில் கற்கின்றான். தரவு, முகடு, நடுவெண், சராசரி, வீச்சு என்னும் சொற்கள் அவன் நாவில் இயல்பாய் வழங்குகின்றன. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளி புகுந்தபின் அச்சொற்கள் அவனைவிட்டு நீங்கிவிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் கணினி முன் அமரும்போது விளக்கப் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அவனை எதிர்கொள்கின்றது. நடுவெண் அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததே அங்குக் கூறப்படுகின்றது என்பதுதான் தெரிவதில்லை.

தமிழில் இத்தகைய உரை எழுத இயலாது என்பார் யாழ்ப்பாணத்து வரலாற்றை நோக்குவாராக. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தாம் தமிழ் கற்று, மானிப்பாயில் உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழிலேயே கற்பித்தார், அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். கடல் கடந்து வந்த ஒருவர் அன்று செய்ததை இன்று நம்மவர் செய்ய இயலாதா?

எழுத்து இல்லையே என்னும் தடையும் இன்று இல்லை. கணினியில் தமிழ் எழுத 1985இல் ‘முரசு அஞ்சல்’ செய்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். அவர் அமைத்த எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கருவிகளில் உலகெங்கும் உலவுகின்றன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. எழுத்தைக் கணினியில் ஏற்றியதில் இந்நாட்டுத் தமிழர்க்குச் சிறந்த பங்கு உண்டு. எழுத்து ஏறிய இடத்தில் உரையும் ஏற வேண்டாவோ?

தொடக்கம் சிறிதாகவே இருக்கலாம். நடுவெண் காணும் ஒரே கட்டளைக்கு ஒரு பக்கம் எழுதினும் போதும். ‘எண்களை ஏறுவரிசையில் வைத்து நடுவில் நிற்பதைத் தரும், எண்ணிக்கை இரட்டைப்படையாயின் நடுவிலுள்ள இரண்டின் சராசரியைத் தரும், ஓர் எண் விடுபட்டிருப்பின், அதனை நீக்குமாறு நாம் சொல்லாதவரை விடையும் இல்லை என்றே கூறும்’ என்று கருத்தும் பொருளும் எழுதி, மேற்கண்ட ஐந்து எண்களைக் காட்டாகத் தந்தால் காண்டிகை ஒன்று பிறந்துவிடும். கணிதம் அறிந்த ஆசிரியர் ஒருவரும் தமிழ் அறிந்த ஆசிரியர் ஒருவரும் ஒரு மாலைப் பொழுது சேர்ந்து அமர்ந்தால் முடியும் பணி இது. எழுதியதை மாணவன் ஒருவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவன் முகத்தை நோக்குக. அம்முகம் மலரும் இடமும் சுருங்கும் இடமும் உரையின் நிறைகுறையைக் காட்டிவிடும். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மர்க்கும் வாய்த்த நடுவன் ஒரு சிறுவனே அன்றோ?